வோர்ம் ஸ்பிரிங்ஸ்: அந்தத் தண்ணி யாருக்கு?

பாரிசவாதம் வந்தவர்களை வெதுவெதுப்பான தண்ணிக்குள் இறக்கி நடக்கப் பழக்குகிற சிகிச்சை இன்று பல நாடுகளில் இருக்கிறது. இதன் வரலாற்றைத் தேடிப் போனால் ஒரு பாதை எங்களை அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கே நோய் வேறு, போலியோ. ஆனால் தண்ணி செய்கிற வேலை ஒண்டுதான்.

1921இல், 39 வயதில், பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் கால்கள் செயலிழந்தன. 1924இல் அவர் வோர்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே ஊற்றுத்தண்ணி வருசம் முழுக்க 31 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். தரையில் நிற்க முடியாதவர் அதற்குள் நின்றார்.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. இடுப்பளவு தண்ணியில் கால் தாங்க வேண்டிய பாரம் ஏறக்குறைய பாதியாகும். கழுத்தளவு என்றால் பத்தில் ஒரு பங்குதான். சரிந்தாலும் மெதுவாகத்தான் சரிவோம். விழுந்துவிடுவோம் என்ற பயம் குறைய, பலமில்லாத தசையும் வேலை செய்யப் பார்க்கும்.

ரூஸ்வெல்ட் 1926இல் அந்த இடத்தையே வாங்கினார். அடுத்த வருசம் அது ஒரு சிகிச்சை நிறுவனமானது. அவர் கடைசிவரை துணையில்லாமல் நடக்கவில்லை எண்டது உண்மை. ஆனாலும் தடாகத்துக்குள் முறையான உடற்பயிற்சி என்பது அங்கே ஒரு மருத்துவ ஒழுங்காக வளர்ந்தது.

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்தினால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தடாகம் வெள்ளையர்களுக்கு மட்டும்தான். கறுப்பினத்தவர் அங்கே வேலை செய்யலாம், நோயாளியாக இறங்க முடியாது. கறுப்பர்களுக்குப் போலியோ அவ்வளவாக வராது எண்டு சொன்ன வைத்தியர்களும் இருந்தார்கள். எதிர்ப்புகள் வலுத்த பிறகு, 1941இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனி நிலையம் திறந்தார்கள். வோர்ம் ஸ்பிரிங்ஸின் கதவைத் திறப்பதற்குப் பதிலாக வேறொரு கதவைக் கட்டினார்கள்.

1945 ஏப்ரல் 12ஆம் திகதி ரூஸ்வெல்ட் அதே ஊரில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அதுவும் ஒரு பாரிசவாதம்தான். கூடிக்கொண்டே போன அவருடைய இரத்த அழுத்தத்தை இறக்க அப்போது நல்ல மருந்து இருக்கவில்லை.

நான்கு வருசம் கழித்து, 1949இல், லண்டனில் ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பொறியியலாளர் ஹலிவிக் பாடசாலையில் உடல் இயலாமை உள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கத் தொடங்கினார். தண்ணிக்குள் உடம்பு எப்படிச் சமநிலை பிடிக்கிறது என்பதிலிருந்து அவர் உருவாக்கிய முறையை, பிறகு பாரிசவாதம் வந்தவர்களின் சமநிலைப் பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

மருத்துவ வரலாற்றை வாசிக்கும்போது யார் கண்டுபிடித்தார், எந்த வருசம் எண்டுதான் நாங்கள் வழமையாகக் கேட்கிறோம். யாரை உள்ளே விட்டார்கள் எண்டும் கேட்க வேணும். தண்ணி யாருடைய பாரத்தையும் ஒரே அளவில்தான் குறைக்கும். தடாகத்துக்கு வாசல் வைத்ததும் அதைப் பூட்டியதும் மனுசர்தான்.