இரத்தக் குழாய்கள்

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தத்தை உடல் முழுவதும் கொண்டுசேர்த்து, மீண்டும் இதயத்துக்கே திருப்பும் மூடிய வலையமைப்பு இரத்தக் குழாய்கள். இதயத்திலிருந்து வெளியே செல்பவை தமனிகள். இதயத்துக்குத் திரும்பி வருபவை சிரைகள். இரண்டையும் இணைப்பவை தந்துகிகள். இந்தப் பிரிவு ஓட்டத்தின் திசையைப் பொறுத்தது. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவைப் பொறுத்ததல்ல. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். நுரையீரல் சிரைகளில் ஓடுவது ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்.

சுழற்சிகள் இரண்டு. இதயத்தின் வலது கீழறை நுரையீரலுக்கும், இடது கீழறை உடலின் மற்ற பகுதிகளுக்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றன. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் வெளியேறுகிறது. வளர்ந்தவரின் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரு சுழற்சிகளிலும் ஓடும் அளவு ஒன்றே, அழுத்தம்தான் வேறு. பெருந்தமனியில் அழுத்தம் 120/80 மி.மீ. பாதரச அளவில் இருக்க, நுரையீரல் தமனியில் ஏறக்குறைய 25/10தான் இருக்கும். அழுத்தம் மாறும் இடத்திலெல்லாம் குழாய்ச் சுவரின் அமைப்பும் மாறுகிறது. இரத்தக் குழாய்களின் உடற்கூறு முழுவதையும் இந்த ஒரு விதியைக் கொண்டே பெருமளவு விளக்கிவிடலாம்.

இரத்தம் கல்லீரலில் உண்டாகித் திசுக்களில் செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் கருத்து ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கோலோச்சியது. இரத்தம் நுரையீரல் வழியாகவே இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறம் செல்கிறது என்று 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார். முழுச் சுழற்சியையும் 1628இல் நிறுவியவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி. அவருடைய வாதங்களில் வலுவானது ஒரு எளிய கணக்கு: அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தம் உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சிவிடுகிறது, உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் உண்டாக வழியே இல்லை, ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படிப் போகிறது என்பதை ஹார்வி கண்ணால் பார்க்கவில்லை. தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்த மார்செல்லோ மால்பீகி 1661இல் தந்துகிகளைக் கண்டு அந்த இடைவெளியை நிரப்பினார். அப்போது ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தந்துகிகள் நீங்கலாக, குழாய்ச் சுவர் பொதுவாக மூன்று படலங்களால் ஆனது. உட்படலத்தில் இரத்தத்தைத் தொட்டபடி எண்டோதீலியம் என்னும் ஒற்றைச் செல் அடுக்கு உள்ளது. நடுப்படலத்தில் மென்தசையும் எலாஸ்டின் இழைகளும் உள்ளன. வெளிப்படலம் கொலாஜன் இழைகளால் ஆனது. பெரிய குழாய்களின் வெளிப்படலத்தில், அந்தச் சுவருக்கே உணவூட்டும் சிறு குழாய்களும் உண்டு. எண்டோதீலியம் வெறும் உள்பூச்சு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அது வெளியிடும் ஒரு பொருள் தசையைத் தளர்த்தி, குழாயை விரியச் செய்கிறது என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு வாயு என்பது பின்னர் தெரியவந்தது. இதற்காக 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெருந்தமனியிலும் அதை ஒட்டிய பெரிய தமனிகளிலும் எலாஸ்டின் மிகுதி. இதயம் சுருங்கும்போது அவை விரிந்து இரத்தத்தின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. இதயம் விரியும்போது பழைய அளவுக்கு மீண்டு, அதை முன்னே தள்ளுகின்றன. இதயம் விட்டுவிட்டு இயங்கினாலும் ஓட்டம் அறுபடாமல் இருப்பது இதனால்தான். வயது ஏற ஏற எலாஸ்டின் சிதைந்து சுவர் விறைக்கிறது. முதியவர்கள் பலருக்கு மேல் அழுத்தம் உயர்ந்தும் கீழ் அழுத்தம் உயராமலும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தமனிகள் கிளைத்துக் கிளைத்து நுண்தமனிகளாகின்றன. இவற்றில் எலாஸ்டின் குறைவு; தசையே முதன்மை. அழுத்தத்தின் பெரும்பகுதி இங்குதான் இறங்குகிறது. பாசன வாய்க்காலின் மதகுகளைப்போல, எந்தத் திசுவுக்கு எவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவையும் இவைதான். குழாயின் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தசையின் சிறு சுருக்கமே போதும். ஓய்வில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. கடும் உடற்பயிற்சியின்போது ஐந்தில் நான்கு பங்குவரை எலும்புத் தசைகளுக்குப் போய்விடுகிறது. உழைக்கும் தசையில் சேரும் கரியமில வாயு, பொட்டாசியம் முதலியவை அங்குள்ள நுண்தமனிகளை விரிக்கின்றன. பரிவு நரம்புகள் குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்தமனிகளைச் சுருக்குகின்றன.

தந்துகியின் சுவர் எண்டோதீலியச் செல்களும் அவற்றின் அடித்தளச் சவ்வும் மட்டுமே. விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் விட்டமே 7 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், பல இடங்களில் அது வளைந்து நெளிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது. தந்துகிகளின் மொத்தக் குறுக்குப் பரப்பு மிகப் பெரியது. அதனால் ஓட்டம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழாகத் தணிகிறது, பொருள் பரிமாற்றத்துக்கு நேரம் கிடைக்கிறது. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் செல் சவ்வுகளின் ஊடாகவே கசிகின்றன. குளுக்கோஸ் போன்றவை பெரும்பாலான திசுக்களில் செல்களின் இடுக்குகள் வழியாகச் செல்கின்றன. மூளையில் அந்த இடுக்குகள் இறுக அடைக்கப்பட்டிருக்கின்றன. கல்லீரலிலோ புரதங்களும் கடக்கும் அளவுக்குப் பெரிய இடைவெளிகள் உண்டு. தமனி முனையில் வெளியேறும் நீர், சிரை முனையில் அப்படியே உள்ளே திரும்புவதாகப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. பெரும்பாலான திசுக்களில் அப்படித் தொடர்ச்சியாகத் திரும்புவதில்லை, நிணநீர் நாளங்களே அதைச் சேகரித்து இரத்தத்தில் சேர்க்கின்றன என்பது இன்றைய விளக்கம்.

உடலின் இரத்தக் குழாய்களை நீட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ 1920களில் செய்த கணக்கிலிருந்து வந்த எண் இது. ஒரு மனிதருக்கு 50 கிலோ தசை இருப்பதாக அவர் வைத்துக்கொண்டார். அது சராசரி மனிதருக்குப் பொருந்தாது. உண்மையான நீளம் இதைவிட மிகக் குறைவு.

சிரைகளில் அழுத்தம் தாழ்வு, சுவர் மெல்லியது, உள்வெளி பெரியது. உடலின் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் இவற்றில்தான் இருக்கிறது. காயத்தால் இரத்தம் இழக்கும்போது சிரைகள் சுருங்கி, இந்த இருப்பை இதயத்துக்கு அனுப்புகின்றன. கால்களிலிருந்து மேலே ஏறுவது எளிதல்ல. அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. வரை உயரும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளை அழுத்துகிறது. ஒருவழி வால்வுகள் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்றன. அழுத்தம் 25க்கும் கீழே இறங்கிவிடும். வால்வுகள் பழுதடைந்தால் தோலடிச் சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்வதே வெரிகோஸ் வெயின் எனப்படும் சுருள் சிரை நோய்.

தமனித் தடிப்பு நோய் சிரைகளில் இயல்பாக ஏற்படுவதில்லை. உயர் அழுத்தத்தில் உள்ள தமனியின் உட்படலத்தில் எல்டிஎல் கொழுப்புப் புகுந்து தங்குகிறது. அதை விழுங்க வரும் வெள்ளையணுக்கள் நுரைச் செல்களாகி அங்கேயே படிகின்றன. இப்படி உருவாகும் படிவு குழாயைக் குறுக்கலாம். ஆனால் மாரடைப்பு பெரும்பாலும் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் திடீரென வருகிறது. அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையில் காலின் சிரையை எடுத்துப் பொருத்துவது வழக்கம். தமனி அழுத்தத்துக்கு ஆளான அந்தச் சிரையின் சுவர் சில மாதங்களில் தடித்துவிடுகிறது. பின்னர் அதிலும் கொழுப்புப் படிகிறது. பத்து ஆண்டுகளில் இத்தகைய ஒட்டுகளில் பாதிவரை அடைபடுகின்றன. மார்புக்கூட்டின் உட்புறமுள்ள தமனியைப் பொருத்தினால், அதே காலத்துக்குப் பிறகும் பெரும்பாலானவை திறந்தே இருக்கின்றன.