பால் புரூன் பெயரால் ஒரு நிதி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த ஒரே பலசரக்குக் கடை மூடப்படுவதைச் சற்று எண்ணிப்பாருங்கள். அங்கே அது வெறும் கடையன்று. ஊரார் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் இடமும் அதுவே. இத்தகைய கடைகளையும் மன்றங்களையும் பழைய ஆலயங்களையும் மீட்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்த பால் புரூன் 2019-இல் மறைந்தார். கிராமப்புற வரலாற்றுக் கட்டடங்களுக்கான நடுவண் அரசின் மானியம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

இதற்கான பணம் மக்களின் வரியிலிருந்து வருவதன்று. கடலடி எண்ணெய், எரிவாயுக் குத்தகை வருவாயிலிருந்து வருவது. தேசியப் பூங்காச் சேவை அதைக் கட்டட உரிமையாளரிடம் நேரே கொடுப்பதில்லை. மாநில அலுவலகங்கள், பழங்குடி அரசுகள், தொண்டு நிறுவனங்கள் போன்றவற்றிடம் ஒப்படைக்கிறது. அவை தம் பகுதியின் சிற்றூர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. எந்த ஊரில் எந்தக் கூரை ஒழுகுகிறது என்பதைத் தலைநகரிலிருந்து எவர் அறிவார்?

உதவி பெறுபவர், கட்டடத்தின் பழமையைக் குறிப்பிட்ட ஆண்டுகள் காப்பதாகப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். பணத்தைவிட இந்தக் கையொப்பமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இடையில் அவர் கட்டடத்தை விற்றுவிட்டாலும், வாங்கியவரை அது கட்டுப்படுத்தும்.