பயன்படுத்தப்படாத பழைய கேமரா: மதிப்பும் வரலாறும்

பயன்படுத்தப்படாத பழைய கேமரா என்பது படச்சுருளைக் கொண்டு இயங்குவதும், வாங்கிய பிறகு புழக்கத்துக்கு வராமல் உறையிலோ பெட்டியிலோ இருந்துவிட்டதுமான கேமராவைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பரண்களிலும் இரும்புப் பெட்டிகளிலும் இத்தகைய கேமராக்கள் இன்றும் கிடைக்கின்றன. பெரும் தொகை கிடைக்கும் என்று சிலர் இவற்றைப் பூட்டி வைக்கின்றனர். ஒன்றுக்கும் உதவாது என்று சிலர் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகின்றனர். ஒரு கேமராவின் விலையை அதன் வயதோ புதுமெருகோ மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை செய்யப்பட்டன, இன்று இயங்குகிறதா, அதற்குரிய படச்சுருள் கிடைக்கிறதா, அதன் வரலாற்றுக்குச் சான்று உண்டா என்ற நான்கு கேள்விகளே விலையை முடிவு செய்கின்றன.

தொழிற்கருவியிலிருந்து வீட்டுப் பொருளாக

திருச்சிராப்பள்ளிப் பகுதிக்கு ஒளிப்படக்கலை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் படம் எடுத்தார். மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுக்கும் முறையை அவர் கையாண்டார். அந்தப் பெரிய மரக்கேமராவையும் இரசாயனங்களையும் தூக்கிச் செல்ல ஆட்களும் வண்டிகளும் வேண்டியிருந்தன. அக்காலத்தில் கேமரா ஒரு தொழிற்கருவி. பயன்படுத்தாமல் வீட்டில் வைத்திருப்பதற்காக அதை யாரும் வாங்கவில்லை.

இந்நிலை 1900இல் மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் பிரவுனி என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலர் விலைக்கு விற்றது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்பனையானது. கேமரா வீட்டுப் பொருளானது அப்போதுதான். எடுத்து வைத்து மறந்துபோன கேமராக்களின் வரலாறும் அங்கேதான் தொடங்குகிறது. நூறாண்டைக் கடந்தும் பெரும்பாலான பிரவுனிகள் அதிக விலைக்குப் போவதில்லை. இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதே அதற்குக் காரணம்.

இந்தியச் சூழல்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் வெளிநாட்டுக் கேமராக்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. எனவே சிங்கப்பூர், மலேயா, வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர் கொண்டுவந்த யாஷிகா, கேனான் போன்ற கேமராக்கள் நகைபோலப் பேணப்பட்டன. படச்சுருளும் கழுவும் செலவும் அதிகம் என்பதால் திருமணம், கோயில் திருவிழா தவிர மற்ற நாள்களில் அவை வெளியே எடுக்கப்படவில்லை. 'பயன்படுத்தப்படாத கேமரா' நம் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பதற்கு இந்தச் சிக்கனம் ஒரு முக்கியக் காரணம்.

இறக்குமதி குறைந்த அக்காலத்தில் உள்நாட்டுத் தயாரிப்புகள் இடத்தை நிரப்பின. ஜெர்மனியின் ஆக்ஃபா நிறுவன உரிமத்தின்கீழ் பரோடாவில் செய்யப்பட்ட கிளிக் 3 கேமரா, நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமராவாக இருந்தது. 120 வகைப் படச்சுருளில் 12 சதுரப் படங்களை எடுக்கும் எளிய கருவி அது. கல்கத்தாவின் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அரசு நிறுவனம் நேஷனல் 35 என்ற கேமராவைச் செய்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் பவுசே நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் படச்சுருளையும் ஒளிப்படத் தாளையும் வழங்கியது. 1991க்குப் பின் இறக்குமதி தளர்ந்தது. பின்னர் எண்ணிமக் கேமராக்கள் பரவின. அந்த ஆலையும் நலிந்து மூடப்பட்டது.

கிளிக் 3 பெருமளவில் விற்ற கேமரா. ஆகவே அதன் பயன்படுத்தாத பிரதிக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் நினைவுக்குக் கொடுக்கும் விலையே. அட்டைப்பெட்டி, கையேடு, கடை ரசீது ஆகியவை உடன் இருந்தால் அந்த விலை கூடும். பெட்டியையும் ரசீதையும் பெரும்பாலோர் எறிந்துவிடுவதால், சில வேளைகளில் கேமராவைவிட அவையே அரிதாக இருக்கின்றன.

புழங்காமையின் கேடு

பயன்படுத்தாத கருவி பழுதாகியிருக்காது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கேமராவைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். ஷட்டரின் பற்சக்கரங்களில் இடப்பட்ட மசகு ஆண்டுகள் செல்லச்செல்லக் கெட்டியாகிறது. அதனால் குறைந்த வேகங்களில் ஷட்டர் திணறும். சிலவற்றில் திறந்தபடியே நின்றுவிடும். 1970களின் ஜப்பானியக் கேமராக்களில் ஒளி புகாமல் தடுக்க ஒட்டிய நுரைப்பஞ்சு, பிசுபிசுப்பான கருங்குழம்பாகிவிடுகிறது. உள்ளே விட்டுவைத்த மின்கலம் கசிந்து செப்புத் தகடுகளை அரிக்கிறது. அக்கால ஒளிமானிகள் பல 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பியவை. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது.

இடத்தின் தட்பவெப்பமும் இதில் சேர்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் திருவரங்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரப்பதம் உயரும். காற்றோட்டமின்றித் தோல் உறைக்குள் இருக்கும் லென்ஸில் பூஞ்சை படர்வதற்கு அது போதும். தோலே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பூஞ்சை நெடுநாள் இருந்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும்; துடைத்தாலும் தடம் போகாது. மாவட்டத்தின் தென்பகுதியில் மானாவாரி நிலமாக உள்ள மருங்காபுரி வட்டாரத்தில் ஈரத்தைவிட வெயிலின் சூடே பெரிய சிக்கல். ஓட்டு வீட்டுப் பரணில் கிடக்கும் கேமராவின் துருத்தி காய்ந்து மடிப்புகளில் விரிசல் விடும். மசகு இளகி ஷட்டர் தகடுகளின்மேல் படியும்.

புழங்காமையால் நன்மையும் உண்டு. செலீனியம் ஒளிமானி வெளிச்சத்தில் நெடுநாள் இருந்தால் வலுவிழக்கும். உறைக்குள் இருட்டில் இருந்தது நெடுங்காலம் வேலை செய்யும்.

படச்சுருளும் விலையும்

ஒரு கேமரா படம் எடுக்கும் கருவியாக இன்றும் பயன்பட்டால் அதன் விலை கூடும். 1901இல் அறிமுகமான 120 சுருளும், 1934இல் கோடாக் கொண்டுவந்த 35 மில்லிமீட்டர் உறைச்சுருளும் இன்றும் உற்பத்தியாகின்றன. 620 சுருள் நின்றுவிட்டாலும், 120 சுருளை மெல்லிய உருளைக்கு மாற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம். 1963இல் வந்த 126 வகையின் உற்பத்தி நின்றுவிட்டது. அவ்வகைக் கேமரா எவ்வளவு புதிதாக இருந்தாலும் பெரும்பாலும் அலமாரிப் பொருளே. போலராய்டு நிறுவனம் 2008இல் உடனடிப் படத்தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2010இல் வேறொரு குழு அதை மீண்டும் செய்யத் தொடங்கியதால் அந்தக் கேமராக்கள் மறுபடியும் புழக்கத்துக்கு வந்தன.

சான்றும் போலியும்

உலகில் மிக அதிக விலைக்குப் போன கேமரா, பயன்படுத்தப்படாத ஒன்று அல்ல. லைகாவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தாமே பயன்படுத்திய, 1923ஆம் ஆண்டு மாதிரித் தொகுதியைச் சேர்ந்த 105ஆம் எண் கேமரா, 2022 ஜூனில் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அத்தொகுதியில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கேமராக்களே செய்யப்பட்டன. கேமராவின் மேலேயே பர்னாக்கின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அரிய எண்ணிக்கையும் ஐயமற்ற சான்றும் கைபட்ட தேய்மானத்தை அங்கே பொருட்டல்லாதாக்கின.

சான்று இல்லாத பெருமைக்குச் சந்தையில் விலையில்லை. மருங்காபுரி, உடையார்பாளையம், துறையூர் எனப் பல ஜமீன்கள் இருந்த பகுதி இது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தபின் அரண்மனைப் பொருள் என்ற பெயரோடு எந்தப் பொருளையும் விற்க வருவோர் உண்டு. ரசீது, கடிதம், அந்தக் கேமராவுடன் ஒருவர் நிற்கும் படம் போன்ற ஏதேனும் ஒன்று இல்லாவிட்டால் அது வெறும் பேச்சாகவே கொள்ளப்படும்.

சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட ஃபெட், சோர்கி கேமராக்களில் லைகா பெயரையும் ஜெர்மன் படைச் சின்னங்களையும் பொறித்து விற்கும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. வரிசை எண்ணைத் தயாரிப்புப் பட்டியலோடு ஒப்பிடுவதும், லென்ஸின் காலமும் உடலின் காலமும் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பதும் முதல் சோதனைகள். ஜப்பானியக் கேமராக்களில் ஏற்றுமதிச் சோதனையில் தேறியதைக் காட்டும் பொன்னிற முட்டைவடிவ ஒட்டுத்தாள் அப்படியே இருந்தால், அது புழங்காமைக்கு ஒரு குறிப்பு. படச்சுருள் ஓடும் உட்தகட்டில் கீறல் இல்லாதிருப்பது அதைவிட வலுவான குறிப்பு.

சட்டநிலை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டப்படி, நூறாண்டுகளுக்குக் குறையாத வயதுடைய, கடந்த கால அறிவியலையும் கைவினையையும் விளக்கும் பொருள்கள் தொல்பொருள் வரையறைக்குள் வரக்கூடும். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எனவே மிகப் பழைய கேமராவை வெளிநாட்டு வாங்குநருக்கு விற்குமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

மதிப்பிடும் முறை

பித்தளைப் பாகங்களைப் பளபளப்பாக்குவதும், லென்ஸைத் துணியால் அழுத்தித் துடைப்பதும், இறுகிய ஷட்டரை வலிந்து இழுப்பதும் மதிப்பைக் குறைக்கும். கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்று முடிந்த விலையையே ஒப்பிட வேண்டும். கேமராவைத் திறக்குமுன் படக்கணக்கு காட்டும் எண்ணையோ சிறு சாளரத்தையோ பார்க்க வேண்டும். புழங்காதது என்று எண்ணப்படும் கேமராவினுள் பாதி எடுத்த சுருள் இருப்பதுண்டு. பகலில் திறந்தால் அது ஒளிபட்டு அழியும். கறுப்பு வெள்ளைச் சுருளாயின் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் கழுவிப் படம் காண வாய்ப்புண்டு. சில நூறு ரூபாய் பெறும் ஒரு கிளிக் 3இல் விலைமதிப்புள்ளது அந்தச் சுருள் மட்டுமாகவும் இருக்கலாம்.