சரக்குந்துகளில் இரட்டை இயக்க அச்சுகளின் வரலாறு

இரட்டை இயக்க அச்சு என்பது கனரகச் சரக்குந்தின் பின்புறம் அடுத்தடுத்து அமைந்து, இரண்டுமே எஞ்சினின் விசையால் சுழலும் அச்சுகளின் தொகுதி ஆகும். முன்னச்சு இயங்காத இவ்வகை வண்டி 6×4 எனக் குறிக்கப்படுகிறது.

தொடக்கம்

சுமை முழுவதும் ஒரே பின்னச்சில் விழுந்தால் டயர்களும் சாலைகளும் தாங்கா. எனவே சுமையைப் பகிரும் முயற்சி முதலில் எழுந்தது. அமெரிக்கரான மாக்னஸ் ஹென்ட்ரிக்சன் 1926இல் இரு அச்சுகளையும் ஒரு சமநிலை விட்டத்தால் இணைத்தார். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினாலும் இரு அச்சுகளும் சுமையைச் சமமாகத் தாங்கின.

விசையைப் பகிர்வது கடினமாக இருந்தது. பிரித்தானியாவின் ஸ்கேமல் பயனியர் (1927) ஒரே பின்னச்சைக் கொண்டது. அதன் இரு முனைகளிலும் ஏற்றப்பலகை போல அசையும் பற்சக்கரப் பெட்டிகள் முன், பின் சக்கரங்களைச் சுழற்றின.

இறுகும் தண்டுகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ஜிஎம்சி சிசிகேடபிள்யூ வண்டியில் இரு பின்னச்சுகளுக்கும் தனித்தனித் தண்டுகள் சென்றன. அவற்றுக்கு இடையே டிஃபரன்ஷியல் இல்லை. வளைவிலும், டயர்களின் தேய்மானம் வேறுபடும்போதும் இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். சேற்றில் சக்கரம் சறுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உறுதியான சாலையிலோ தண்டுகள் முறுக்கேறும், டயர்கள் தேயும்.

அச்சிடை டிஃபரன்ஷியல்

பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கூர் 1820களில் காப்புரிமை பெற்ற டிஃபரன்ஷியல், ஓர் அச்சின் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டது. அதே தத்துவம் பின்னர் இரு அச்சுகளுக்கும் இடையே பயன்பட்டது. முறுக்குவிசையில் ஒரு பாதி முதல் பின்னச்சுக்கும், மறுபாதி அதனூடே செல்லும் தண்டு வழியாகக் கடைசி அச்சுக்கும் செல்கிறது. ஒவ்வோர் அச்சிலும் அது மீண்டும் இரண்டாகப் பிரிவதால், ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் கால் பங்கு கிடைக்கிறது.

பூட்டின் தேவை

சமப் பங்கீட்டில் ஒரு குறை உண்டு. பிடிப்பே இல்லாத சக்கரம் பெறும் அளவுக்குமேல் மற்றவையும் பெறுவதில்லை. ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்றால், பிடிப்புள்ள மற்ற மூன்றும் நின்றுவிடும். இதற்காகவே அச்சிடைப் பூட்டு வந்தது. ஓட்டுநர் விசையை அழுத்தினால், பல வண்டிகளில் காற்றழுத்தம் இரு அச்சுகளையும் ஒன்றாகப் பிணைக்கிறது.

சக்கரம் சறுக்கத் தொடங்கும் முன்பே பூட்டைப் போட வேண்டும். வேகமாகச் சுழலும்போது போட்டால் பற்கள் உடையலாம். உறுதியான சாலைக்கு வந்ததும் எடுக்கத் தவறினால், பழைய முறுக்கேற்றமே திரும்பிவிடும்.