கோட்டோ சிம்பெய்யும் டோக்கியோவின் மீளமைப்பும்

1923 செப்டெம்பர் 1ஆந் திகதி, நண்பகற் சமையல் வேளையில் டோக்கியோவில் நிலம் அதிர்ந்தது. மூண்ட தீ மரவீடுகளாலான அந்நகரை இரண்டு நாட்களாகத் தின்றது. யோக்கோகாமாவையும் அயற்பகுதிகளையும் சேர்த்து மாண்டோர் தொகை ஏறத்தாழ 105,000.

மறுநாள் உள்நாட்டமைச்சராகப் பதவியேற்ற கோட்டோ சிம்பெய், அவ்வாண்டு ஏப்ரில் வரை அந்நகரின் முதல்வராயிருந்தவர். மருத்துவம் பயின்ற இவர் 1898 முதல் தாய்வானில் யப்பானிய ஆட்சியின் குடியியல் நிருவாகத்தை நடத்தினார். பின்னர் தென் மஞ்சூரிய இரயில்வேக்குத் தலைவரானார். நகரமைக்கும் வித்தையை அடிமைப்பட்ட மக்களின் மண்ணிலே பழகியவர் எனலாம். காணிக்காரனின் சம்மதத்தை அங்கு எவர் கேட்டார்?

டோக்கியோவிலோ கேட்கவேண்டியிருந்தது. 1921இல் அவர் வகுத்த 80 கோடி யென் திட்டத்தையே வாய்ப்பந்தல் என்று எள்ளியவர்கள் உண்டு. எரிந்த நிலம் முழுவதையும் அரசே வாங்கித் திருத்த வேண்டும் என்று அவர் இப்போது கூறியதும் பெருங்காணிச் சொந்தக்காரர் கொதித்தெழுந்தனர். பல நூறு கோடியாக எண்ணப்பட்ட செலவு, பாராளுமன்றத்தைக் கடந்தபோது ஏறத்தாழ 47 கோடியாகச் சுருங்கியிருந்தது. டிசெம்பர் இறுதியில் முடிக்குரிய இளவரசரை ஒருவர் சுட முயன்றதையடுத்து அமைச்சரவை பதவி துறந்தது; கோட்டோவும் வெளியேறினார்.

எஞ்சிய வேலையைச் செய்தவர்கள் பெயர் பெறாத அலுவலர்களே. காணிகளை மீள வகுத்து, பத்திலொரு பங்கு வரை நட்டஈடின்றித் தெருவுக்கும் பொதுத்தேவைக்கும் எடுத்தனர். நகரசபையின் பூங்காப் பகுதித் தலைவர் இனோசித்தா கியோசியின் பொறுப்பில் 52 சிறு பூங்காக்கள் எழுந்தன. கொங்கிறீற்றாற் கட்டிய ஆரம்பப் பாடசாலைகளை அடுத்தே அவை அமைந்தன: பிள்ளைகளுக்கு விளையாட்டிடம், தீ மூண்டால் ஊருக்குப் புகலிடம். ஆசிரியத் தொழிலில் இருப்பதனாலோ என்னவோ, அகன்ற பெருந்தெருக்களைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆயினும் கோட்டோவின் வாழ்க்கையை எழுதுவோர் பலர் விரைந்து கடக்கும் பக்கம் ஒன்றுண்டு. அவர் பதவியேற்ற மறுநாள் காலை, அவருடைய அமைச்சின் பொலிஸ் பகுதித் தலைவர் பெயரால், புனபாசி கடற்படை நிலையத்திலிருந்து மாகாணங்களுக்குத் தந்தி பறந்தது. கொரியர் டோக்கியோவில் தீ வைக்கின்றனர் என்றது அது. பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளரைப் பற்றிய வதந்தி இவ்வாறு அரச முத்திரை பெற்றது. ஆயுதந்தாங்கிய ஊர்க்காவற் குழுக்களும் படையினரும் பொலிசாரும் கொரியரை ஆயிரக்கணக்கிற் கொன்றனர். சீனரும் பலர் மாண்டனர். கமெய்தோ பொலிஸ் நிலையத்தில் தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்த பத்துப் பேரைப் படையினர் கொன்றனர். வன்முறை வேண்டாமென அரசாங்கம் அறிவித்தது 5ஆந் திகதியிலேதான். அதற்குள் மிகப் பலர் பிணமாயினர்.

தந்தியை அனுப்புமாறு பணித்தவர் கோட்டோதான் என்று நான் கூறவில்லை. தெருவையும் பாலத்தையும் அவர் கணக்கில் வரவு வைப்போர், அதே அமைச்சின் இச்செலவை எவர் கணக்கில் எழுதுவர் என்றே கேட்கிறேன்.

கோட்டோ 1929இல் மறைந்தார். தீயில் ஏறத்தாழ 38,000 பேர் ஒரே இடத்தில் வெந்து மடிந்த ஓன்சோ வெளியில் 1930இல் நினைவு மண்டபம் எழுந்தது. கொலையுண்ட கொரியருக்கான நினைவுக்கல் அதே பூங்காவில் 1973இல் நாட்டப்பட்டது.