அந்நியனை ஏற்ற நகரங்கள்: இப்னு ஜுபைரின் பயண நூல் காட்டும் அளவுகோல்

பயண நூல்களை நாம் பெரும்பாலும் ஊர்களைப் பற்றிய செய்திக் களஞ்சியங்களாகவே படிக்கிறோம். மினாராவின் உயரம், கடைவீதியின் நீளம், மன்னரின் பெயர், விளைபொருளின் விலை ஆகியவற்றை அவற்றிலிருந்து எடுத்துக் கொள்கிறோம். ஆனால் நூலாசிரியர் எந்த ஊரை விரும்பினார், எந்த ஊரிலிருந்து மனம் கசந்து வெளியேறினார், அதற்கு அவர் கொண்ட அளவுகோல் எது என்ற வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அரபு மொழியின் பயண இலக்கியத்தில் இவ்வினாக்களுக்குத் தெளிவாக விடை தரும் நூல்களுள் தலையாயது இப்னு ஜுபைர் அவர்களின் ‘ரிஹ்லா’ ஆகும்.

தமிழ் வாசகர்களுக்கு இப்னு பதூதா நன்கு அறிமுகமானவர். மஅபர் என்று அரபியர் அழைத்த நமது சோழமண்டலக் கரைக்கும் மதுரைக்கும் வந்தவர் என்பதால் அவர்மீது நமக்கு ஓர் உரிமையும் உண்டு. அவரது நூலில் உள்ள திமிஷ்க் (டமாஸ்கஸ்), ஹலப் (அலெப்போ) நகரங்களின் வருணனைகள் பலவும், அவருக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வழி சென்ற இப்னு ஜுபைரின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். பிற்காலப் பயணிகள் கண்முன் கொண்ட மூல முன்மாதிரி இவர்தாம்.

எழுத்தரும் அவரது பயணமும்

அபுல் ஹுஸைன் முஹம்மத் இப்னு அஹ்மத் இப்னு ஜுபைர் அல்கினானி, ஹிஜ்ரி 540இல் (கி.பி. 1145) அந்தலூஸின் (முஸ்லிம் ஸ்பெயின்) கிழக்குப் பகுதியில் பிறந்தார். மார்க்கக் கல்வியும் இலக்கியப் பயிற்சியும் பெற்று, கிரனாடாவை ஆண்ட முவஹ்ஹிதீன் ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். ஆளுநர் ஒருமுறை அவரை வற்புறுத்தி மது அருந்தச் செய்தார் என்றும், பின்னர் வருந்தி அக்கிண்ணத்தைப் பொற்காசுகளால் ஏழுமுறை நிரப்பிக் கொடுத்தார் என்றும், அப்பொருளைக் கொண்டே தம் பிழைக்குப் பரிகாரமாக இவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதுகிறார். இப்னு ஜுபைர் தம் நூலில் இதனைக் குறிப்பிடவில்லை.

ஹிஜ்ரி 578 ஷவ்வாலில் (பிப்ரவரி 1183) கிரனாடாவை விட்டுக் கிளம்பிய அவர், ஹிஜ்ரி 581 முஹர்ரத்தில் (ஏப்ரல் 1185) வீடு திரும்பினார். ஏறத்தாழ இரண்டே கால் ஆண்டுகள். இக்காலத்தில் மிஸ்ர், ஹிஜாஸ், இராக், ஷாம், பரங்கியர் வசமிருந்த கடற்கரை, நார்மன் மன்னர்கள் ஆண்ட ஸிஸிலி ஆகிய அனைத்தையும் கண்டார். கண்டவற்றை மாதவாரியாக, பிறை கண்ட நாளைக் குறித்து, நாட்குறிப்புப் போலவே எழுதினார். நினைவிலிருந்து பல்லாண்டு கழித்துச் சொல்லப்பட்ட நூல்களுக்கு இல்லாத நம்பகத்தன்மை இதற்கு இருப்பதற்கு அதுவே காரணம். லைடன் நகர நூலகத்திலுள்ள கையெழுத்துப் படியைக் கொண்டு வில்லியம் ரைட் 1852இல் இதனை அச்சிட்டார்.

இஸ்கந்தரிய்யா: சுங்கச்சாவடியும் நகரமும்

முப்பது நாள் கடற்பயணத்திற்குப் பின், ஜெனோவாக் கப்பலொன்றில் இஸ்கந்தரிய்யா (அலெக்சாந்திரியா) துறைமுகத்தை அடைந்தபோது அவரை வரவேற்றது சுங்கச்சாவடி. பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டுப் பெயர், ஊர், உடைமை அனைத்தும் பதியப்பட்டன. அவர்களிடம் இருந்த பொருளுக்கு ஜகாத் கேட்கப்பட்டது. அப்பொருள் கைக்கு வந்து ஓராண்டு நிறைந்ததா என்று எவரும் விசாரிக்கவில்லை. இடுப்புக் கச்சைக்குள் கைவிட்டுத் தேடினர். வேறேதும் மறைக்கவில்லை என்று சத்தியம் வாங்கினர். அந்த நெரிசலில் பலரது பொருள்கள் காணாமற் போயின.

ஃபிக்ஹு கற்றவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நிஸாபும் ஓராண்டு நிறைவும் ஜகாத் கடமையாவதற்குரிய நிபந்தனைகள் என்பதை நமது மத்ரஸாக்களில் தொடக்க வகுப்பு மாணவரும் அறிவர். அதற்கும் மேலாக, ஜகாத் பெறத் தகுதியுடையோர் என்று திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் எண்ணும் எட்டு வகையினருள் ‘இப்னுஸ் ஸபீல்’ எனும் வழிப்போக்கரும் ஒருவர். அந்தக் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் வழிச் செலவுக்கு மட்டுமே பொருள் வைத்திருந்த ஹாஜிகள். தேவை நேர்ந்தால் கொடுக்கப்பட வேண்டியவர்களிடமிருந்தே அங்கு வசூலிக்கப்பட்டது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) இதனை அறிந்தால் நிச்சயம் நீக்கியிருப்பார் என்று இப்னு ஜுபைர் எழுதுகிறார். சுல்தான்மீது அவர் கொண்ட மதிப்பு நூல் முழுவதும் விரவிக் கிடக்கிறது. ஆயினும் அம்மதிப்பு சுங்கச்சாவடியின் கொடுமையை மறைக்க அவரைத் தூண்டவில்லை.

சாவடியைக் கடந்து உள்ளே சென்றதும் அதே நகரம் வேறு முகம் காட்டியது. தொலைதூரங்களிலிருந்து கல்வி நாடி வருவோருக்குத் தங்குமிடமும், விரும்பிய கலையைக் கற்பிக்க ஆசிரியரும், உதவித் தொகையும் அங்கே இருந்தன. அயலூரார் குளிக்கக் குளிப்பகங்கள், நோயுற்றால் மருத்துவமனை, பார்க்க மருத்துவர்கள். மருத்துவமனைக்கு வரக் கூச்சப்படும் வெளியூராரை அவர்கள் இருக்குமிடம் சென்று கண்டு, நிலையை மருத்துவரிடம் தெரிவிக்கவும் ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். மஃக்ரிபிலிருந்து வரும் வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி. உதவி கேட்க நாணுபவனைத் தேடிச் செல்லும் இந்த ஏற்பாட்டை எழுதும்போது அவரது நடையே நெகிழ்கிறது.

ஐதாபும் மக்காவும்

செங்கடற்கரையின் ஐதாப் துறைமுகம் அவரது கடுங்கோபத்திற்கு ஆளான ஊர். தண்ணீர் கூட வெளியிலிருந்து வரவேண்டிய அவ்வூரார் ஹாஜிகளை நம்பியே வாழ்ந்தனர். அவர்களது படகுகள் ஆணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. மரமோ இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. ஒரே பயணத்தில் படகின் விலையைத் தேடிவிடும் பேராசையால், கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக ஏற்றினர். முன்னர் இவ்வழியில் ஹாஜி ஒருவரிடம் ஏழரை தீனார் வரி பிடுங்கப்பட்டது. தர இயலாதோர் சித்திரவதைக்கு உள்ளாயினர். அவ்வரியை ஒழித்து, மக்காவின் அமீருக்கு ஈடாகப் பணமும் கோதுமையும் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தவர் ஸலாஹுத்தீன் என்பதை இப்னு ஜுபைர் நன்றியுடன் பதிகிறார். அந்த ஈடு வந்துசேரும் வரை ஹாஜிகளைப் பிணை வைக்கச் செய்த ஹிஜாஸ் அதிகாரிகளை அவர் கண்டிக்கும் சொற்கள் மிகக் கடுமையானவை.

ஆனால் மக்கா நகரமோ அவர் உள்ளத்தை முழுமையாக ஆட்கொண்டது. ஆகஸ்ட் 1183இல் அங்கு நுழைந்தவர் எட்டு மாதங்கள் தங்கினார். ரஜப் மாத உம்ராவின் விளக்கொளி, ரமளான் இரவுகளில் ஹரமில் ஒலித்த கிராஅத், தாயிஃப் பகுதியின் பழங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். யமன் மலைநாட்டின் ஸரூ மக்கள் ஆண்டுதோறும் கோதுமை, தேன், திராட்சை, பாதாம் ஆகியவற்றுடன் ஆயிரக்கணக்கில் வருவர். பொற்காசு வாங்க மாட்டார்கள்; துணியும் போர்வையுமே பண்டமாற்று. தாங்கள் வராவிடில் தங்கள் நிலம் வறண்டுவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குக் கனிகளை வழங்குமாறு இப்ராஹீம் (அலை) அவர்கள் செய்த துஆவின் பலனை ஒரு சந்தையில் நின்று கண்ணால் கண்டவர் எழுதிய பக்கங்கள் இவை.

பக்தாதும் திமிஷ்க்கும்

ஏப்ரல் 1184இல் இராக்கியரின் ஹஜ் கூட்டத்துடன் அவர் புறப்பட்டார். மதீனாவில் ஐந்து நாள். பிறகு, கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அமைத்த நீர்நிலைகள் வழியே பாலைப் பயணம். அவை இல்லையெனில் அவ்வழியில் எவரும் செல்ல இயலாது என்று அவ்வம்மையாரை வாழ்த்துகிறார்.

பக்தாத் அவருக்கு ஏமாற்றமே. பழம்பெருமையின் பெயர் மட்டுமே எஞ்சியிருந்தது என்கிறார். கீழ்க்கரையில் மட்டும் முப்பது மத்ரஸாக்கள் இருந்ததையும் அவற்றின் அழகையும் ஒப்புக்கொள்கிறார். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களின் உரையைக் கேட்டு உருகியதையும் எழுதுகிறார். ஆயினும் அந்நகரத்தார் பிற ஊராரை இழிவாக நோக்கினர், அந்நியனுக்கு அங்கே இடமில்லை என்பதே அவரது முடிவு. கல்வி நிறைந்த நகரமும் அவரது அளவுகோலில் குறைந்துபோவதற்கு இது ஒன்றே போதுமானதாயிற்று.

ஜூலை 1184இல் சேர்ந்த திமிஷ்க்கோ அவரது நூலின் உச்சம். கிழக்கின் சுவனம் என்று அவர் கண்ட அந்நகரில் இரண்டு மாதங்களுக்கும் மேலாகத் தங்கினார். உமய்யாப் பள்ளியின் அளவுகளையும், பித்தளைப் பருந்துகள் மணிக்கொருமுறை உருண்டைகளை உதிர்க்கும் நீர்க்கடிகாரத்தையும் நுணுக்கமாக விவரிக்கிறார். இருபது மத்ரஸாக்கள், இரண்டு மருத்துவமனைகள். புதிய மருத்துவமனைக்கு நாளொன்றுக்குப் பதினைந்து தீனார் செலவு. ஆனால் அவர் மனத்தைக் கவர்ந்தது வக்ஃபுகளே. சுல்தான் நூருத்தீன் ஜன்கி (ரஹ்) மஃக்ரிபிலிருந்து வரும் மாணவர்களுக்கென்றே மாவு ஆலைகளையும் தோட்டங்களையும் விளைநிலத்தையும் வக்ஃபு செய்திருந்தார். ஆண்டு வருவாய் ஐந்நூறு தீனார்.

நூருத்தீன் தம் நோயின்போது, பரங்கியரிடம் சிறைப்பட்ட மஃக்ரிபியரை மீட்கப் பன்னிரண்டாயிரம் தீனார் நேர்ந்திருந்தார். நலம்பெற்றதும் மீட்டு வரப்பட்டவர்களில் தம் ஆட்சிக்குட்பட்ட ஹமாத் ஊரார் சிலரும் இருக்கக் கண்டு, அவர்களைத் திருப்பி அனுப்பி மஃக்ரிபியரையே மீட்கச் செய்தார். ஹமாத்தாரை மீட்க உற்றார் உண்டு, இவர்களுக்கோ இங்கு எவருமில்லை என்பது அவர் சொன்ன காரணம். திமிஷ்க்கின் சோலைகளைவிட இந்தக் காரணமே இப்னு ஜுபைருக்கு அந்நகரை நெருக்கமாக்கியது என்று நாம் கருதுகிறோம். மஃக்ரிபின் இளைஞர்கள் கல்வி தேடி இங்கே வரவேண்டும் என்று அவர் அழைப்பு விடுப்பது இப்பகுதியில்தான்.

அக்காவின் மறுபக்கம்

அந்தச் செப்டம்பரில் ஸலாஹுத்தீன் கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அதே நாள்களில் முஸ்லிம் வணிகர் கூட்டங்கள் தடையின்றிப் பரங்கியர் நாட்டுக்குச் சென்றுவந்தன. அவற்றுள் ஒன்றில் சேர்ந்து இப்னு ஜுபைரும் அக்கா துறைமுகத்திற்குப் பயணமானார். திப்னீன் கோட்டையைக் கடந்த வழியில் முஸ்லிம் குடியானவர்களின் கிராமங்களைக் கண்டார். விளைச்சலில் பாதி, தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும், பழமரங்களுக்குச் சிறிய வரி. வேறு தொல்லை இல்லை. வீடும் உடைமையும் அவர்களுடையனவாகவே இருந்தன. முஸ்லிம் பிரபுக்களின்கீழ் வாழ்வோரின் நிலை இதைவிடத் தாழ்ந்திருப்பதை எண்ணி அவர்கள் மனம் சலனப்படுகிறது என்றும், இது சமுதாயத்திற்கு நேர்ந்த ஒரு சோதனை என்றும் வேதனையுடன் எழுதினார்.

அக்காவின் சுங்கச்சாவடியில் விரிப்பிட்ட திண்ணைகளில் கிறித்தவ எழுத்தர்கள் கருங்காலி மைக்கூடுகளுடன் அமர்ந்திருந்தனர். அரபியில் பேசினர், அரபியில் எழுதினர். சோதனை நடந்தது, ஆயினும் மென்மையுடனும் பண்புடனும் நடந்தது. இஸ்கந்தரிய்யாவின் சாவடியைப் படித்துவிட்டு இப்பக்கத்திற்கு வரும் வாசகர் ஒப்பிடாமல் இருக்க முடியாது.

இப்பகுதிகளை மட்டும் எடுத்தாண்டு, பரங்கியர் ஆட்சியின் மேன்மைக்குச் சான்றாக நிறுத்துவோர் உண்டு. மத்ரஸாக்களும் வக்ஃபுகளும் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக் கொண்டு, சுங்கச்சாவடியையும் ஐதாபையும் விட்டுவிடும் வழக்கம் நம்மவரிடமும் உண்டு. இரண்டும் அந்நூலுக்கு இழைக்கும் அநீதியே. அதே அக்காவின் அசுத்தத்தையும், பள்ளிவாசல்கள் மாதா கோயில்களானதையும், காலில் விலங்குடன் உழைத்த முஸ்லிம் கைதிகளையும் அவர் எழுதியிருக்கிறார். வழிப்பயணத்திற்கன்றி அந்நாட்டில் தங்குவதற்கு ஒரு முஸ்லிமுக்குச் சாக்கு இல்லை என்பதும் அவரது தீர்ப்பு. ஒருவரது கொள்கையை ஏற்காமலேயே அவரது நீதியைப் பதிவு செய்ய முடியும் என்பதையும், தம்மவரை நேசித்துக் கொண்டே அவர்களது அநீதியைக் கண்டிக்க முடியும் என்பதையும் அவர் தம் எழுதுகோலால் காட்டினார்.

ஸிஸிலியிலும் இதே நேர்மையைக் காண்கிறோம். டிசம்பர் 1184இல், ரமளான் மாதத் தொடக்கத்தில், மெஸ்ஸினா அருகே அவரது கப்பல் உடைந்தது. கரைசேர்க்க வந்த படகோட்டிகள் கூலி கேட்டபோது, கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்களுக்காக மன்னர் இரண்டாம் வில்லியம் நூறு கால்தீனார்க் காசுகளை வழங்கினார். அதை எழுதிய அதே கை, அத்தீவின் முஸ்லிம்கள் மெல்ல மெல்ல மார்க்கத்தை இழந்துவரும் துயரையும் எழுதியது. தம் மகளை முஸ்லிம் நாட்டிற்கு அழைத்துச் செல்லுமாறு பயணியொருவரிடம் ஒப்படைக்க முன்வந்த ஒரு தந்தையின் செய்தி, படிப்போர் கண்களைக் கசியச் செய்வது.

பைத்துல் முகத்தஸ் 1187இல் மீட்கப்பட்ட செய்தி கேட்டு அவர் 1189இல் இரண்டாம் முறை கிழக்கே பயணமானார். துணைவியாரின் மறைவுக்குப் பின் மூன்றாம் முறையும் புறப்பட்டார். அதிலிருந்து அந்தலூஸுக்குத் திரும்பவில்லை. ஹிஜ்ரி 614இல் (கி.பி. 1217) அவர் வஃபாத்தான ஊர் இஸ்கந்தரிய்யா. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரது கச்சையைச் சோதித்த நகரமும், வெளியூர் நோயாளியைத் தேடிச் சென்று பார்த்த நகரமும் அதுவே.