வாக்குரிமையும் ஏரியின் பங்கும்

அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமை 1920ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் இடம்பெற்றது. மறு ஆண்டே சென்னை மாகாணச் சட்டசபை அவ்வுரிமையை வழங்கிற்று. எனினும் சொத்துத் தகுதி விதிக்கப்பட்டமையால் ஏழைப் பெண்கள் புறத்தே நின்றனர். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சபையின் துணைத்தலைவரானார். அவரும் நியமன உறுப்பினரே என்பது கருதற்பாலது.

ஊர்களில் மாற்றம் நெடுங்காலம் தாழ்த்தது. 1992ஆம் ஆண்டின் எழுபத்துமூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. தமிழகம் 2016இல் அதனைப் பாதியாக உயர்த்திற்று. அனுப்பம்பட்டு முதல் பழவேற்காட்டுக் கரை வரை பெண்கள் பதவியேற்க வழி பிறந்தது.

ஆயினும் ஏரியில் வலையிடும் இடத்தையும் முறையையும் மீனவரிடையே பங்கிடும் ‘பாடு’ வழக்கு இச்சட்டத்திற்கு உட்பட்டதன்று. மரபில் அப்பங்கு ஆண்களுக்கே உரியது. குடிநீரையும் தெருவிளக்கையும் பற்றித் தீர்மானிக்கும் பெண்ணுக்கு, தன் வீட்டுப் பிழைப்பாகிய ஏரியைப் பகிரும் அவையில் இடமில்லை.